கொண்டியைத் திறந்தது காற்று

டப்ளினிலிருந்து வெகு தொலைவிலிருந்த பாலினகாரா என்ற ஊரில் டிம்ப்னா கெரின் இரண்டு காரியங்களுக்காகப் பெயர் வாங்கியவள். இளவயதில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பாவாடைக்குள் கைத்துப்பாக்கிகளைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினாள். நாற்பதைத் தாண்டியபின் கோழிகளைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கதை எழுதினாள். இரண்டில் எது ஆபத்தான வேலை என்று கேட்டால், கோழிதான் என்று யோசிக்காமல் சொல்வாள்.

ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, கிடைத்த சுதந்திரம் போதும் என்றது பாதி ஊர். போதாது என்றது மீதி ஊர். பிறகு இரண்டு பாதியும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. டிம்ப்னா 'போதாது' கட்சி. அவள் தங்கை லீலியாவின் புருஷன் மாலகி ஹெஹிர் 'போதும்' கட்சி. புது அரசாங்கத்தின் பச்சைச் சட்டை போட்ட பட்டாளத்துக்காரன். மலையில் தலைமறைவாக இருந்த டிம்ப்னா ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்கு இறங்கி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பை காலியாவதற்குள் பச்சைச் சட்டைகள் வாசலில் நின்றன. அவளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனால் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு உறுதியான பதில் இருந்தது. டிம்ப்னாவிடமும் ஒன்று இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

விடுதலையாகி வந்ததிலிருந்து அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் ஒட்டு வீடுகள், நடுவில் ஒரே சுவர். இது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை, ஊரே அப்படித்தான் இருந்தது. பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் அவசரத்துக்கு நாயிடம் சொல்வார்கள். லீலியா வீட்டு நாயின் பெயர் பாட்ச்.

"பாட்ச், உங்க புகைக்கூண்டுல காக்கா கூடு கட்டுதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லு" என்பாள் டிம்ப்னா, வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"பாட்ச், எங்களுக்கும் கண்ணு இருக்குன்னு அந்தம்மாகிட்ட சொல்லு" என்பாள் லீலியா.

பாட்ச் வாலை ஆட்டும். பிறகு பாட்ச் செத்துப்போனது. அத்தோடு அந்தப் பேச்சும் நின்றது. இன்னொரு நாய் வாங்கும்படி கேட்கலாம் என்றால், கேட்பதற்கு நாய் இல்லை.

டிம்ப்னாவுக்கு அது தாங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை இருமுவது கேட்கும், அடுப்பைக் கிளறுவது கேட்கும், மாலகியை ஏசுவது கேட்கும். அந்த ஏச்சில் பாதியாவது தனக்குக் கிடைக்காதா என்று ஏங்கினாள். எனக்குக் கோபமில்லை என்று போய்ச் சொல்லலாம். சொன்னால், கோபப்பட ஏதோ இருந்தது என்று ஆகிவிடும். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, வேறு வழி தெரியாமல்தான் அவள் எழுத்தாளர் ஆனாள்.

கதை சின்னதுதான். ஒரு கொல்லையில் கோழிகள், வாத்துகள், ஒரு வான்கோழி. ஒருநாள் படலின் கொண்டி திறந்து கிடக்க, நரி புகுந்து புள்ளிக்கோழியைக் கவ்விக்கொண்டு போகிறது. புள்ளிக்கோழி தப்பித்துத் திரும்பி வந்து பார்த்தால், நீதான் திறந்தாய், நீதான் திறந்தாய் என்று கொல்லையே அடித்துக்கொள்கிறது. கடைசிப் பக்கத்தில் தெரிகிறது, கொண்டியைத் திறந்தது காற்று. இதை அவள் ஒரே ஒரு வாசகிக்காகத்தான் எழுதினாள். டப்ளின் பதிப்பகத்தாருக்கு அது தெரியாததால் நாடு முழுவதும் விற்றார்கள்.

பாலினகாராவில் பிள்ளையே இல்லாதவர்கள்கூட வாங்கினார்கள். கான்சிடினின் மதுக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் வரிக்கு வரி நிறுத்தினார்கள்.

"வான்கோழி யாருன்னு தெரியுதா? அந்தக் கழுத்தைப் பாரு. நம்ம பங்குச் சாமியாரேதான்."

"மெதுவாப் பேசுய்யா, அவர் தம்பி உள்ள உக்காந்திருக்கார்."

தபால்காரர் தன்னைக் கிழட்டுச் சேவலில் அடையாளம் கண்டுகொண்டு, டிம்ப்னாவின் கடிதங்களை வேலிக்கு வெளியிலிருந்தே வீச ஆரம்பித்தார். கடைசியில் கான்சிடினே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்.

"மிஸ் கெரின், ஒரு சின்ன சந்தேகம். கொண்டியைத் திறந்தது யாரு?"

"காத்து. கடைசிப் பக்கத்துல இருக்கே."

"அது பிள்ளைங்களுக்கு. எங்களுக்கு யாரு?"

"உங்களுக்கும் காத்துதான்."

கான்சிடின் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எந்தக் கட்சிக் காத்து?"

மாலகியும் ஒரு பிரதி வாங்கிப்போனதாக அவர்தான் சொன்னார். டிம்ப்னா சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அடுப்பைக் கிளறும் சத்தம் கேட்டது. ஏச்சுச் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. இருந்ததையும் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

சந்தை நாளன்று ஊரே மாடு பார்க்கப் போயிருந்தபோது, பின்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு லீலியா உள்ளே வந்தாள். கக்கத்தில் புத்தகம். உட்காரவில்லை.

"டீ போடட்டுமா?" என்றாள் டிம்ப்னா.

"வேண்டாம்."

"ஒரு வாய்."

"வேண்டாம்னேன்ல?"

அங்கே இரண்டு தடவை வேண்டாம் என்பது வெறும் மரியாதை. மூன்றாவது தடவை சொல்வதுதான் நிஜம். மூன்றாவது தடவை கேட்க டிம்ப்னாவுக்குத் துணிச்சல் வரவில்லை. பேசாமல் தண்ணீரை அடுப்பில் வைத்தாள்.

"காத்துன்னு எழுதியிருக்கியே, நிஜமாவே அப்படித்தான் நெனைக்கிறியா?"

"கதைடி அது. கோழி, நரி, காத்து. அவ்வளவுதான்."

"காத்து இல்ல டிம்ப்னா. நான்தான். நீ வியாழக்கிழமை வருவேன்னு மாலகிகிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கே. எனக்கு ரெண்டு முட்டை அவிச்சு வெச்ச. கேக்கை வேற பெரிசா வெட்டின. நீ அவ்வளவு தாராளம் கிடையாதே."

லீலியா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்ப உன்னை நீயே பாத்திருந்தா தெரியும். ஈரத்துல படுத்து, இருமி இருமி, எலும்பும் தோலுமா வந்து நின்ன. இன்னொரு குளிருக்குப் பொழைக்க மாட்டேன்னு பயந்துட்டேன். ஜெயில்னா தலைக்கு மேல கூரை இருக்கும், கட்டில் இருக்கும், வேளாவேளைக்குச் சோறு போடுவாங்கன்னு..." அவள் புத்தகத்தை மடியில் திருப்பிப் போட்டாள். "நீ அங்க போய் உண்ணாவிரதம் இருப்பேன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

சிறையில் டிம்ப்னா ஒரு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்தாள். கட்டிலோடு வெளியே தூக்கி வந்தார்கள். அதைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசியவர்கள் உண்டு, பைத்தியக்காரி என்றவர்களும் உண்டு. சாப்பிடட்டும் என்று அவளை அங்கே அனுப்பிய ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் சோற்றைத் தொட முடியாமல் உட்கார்ந்திருப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. டிம்ப்னாவும் நினைக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சிரிக்கிறியா? உனக்குச் சிரிப்பா வருதா?"

"தினமும் சூப்பு வைப்பாங்கடி. ஆட்டெலும்பு சூப்பு. வாசனை ஆளைத் தூக்கும்."

"குடிச்சுத் தொலைச்சிருக்கலாமில்ல?"

"கொள்கை."

"உன் கொள்கையில இடி விழ" என்றாள் லீலியா. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். டிம்ப்னா அவள் பக்கத்தில் போய் நின்றாள். தோளில் கைவைத்தபோது லீலியா அதைத் தட்டிவிடவில்லை.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, லீலியா புத்தகத்தை மேசைமேல் தள்ளினாள்.

"மறுபடி அச்சடிக்கிறப்ப இதை மாத்து. தங்கச்சிக் கோழிதான் திறந்துச்சுன்னு போடு. ஊருக்குத் தெரியட்டும். எனக்கு இனிமே பயமில்ல."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"பிள்ளைங்க நம்பிட்டாங்க லீலியா" என்றாள் டிம்ப்னா. "இனிமே அது காத்துதான்."