பதினோரு ஓட்டைகள்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். மனைவியை எடை பார்க்கும் மிஷினில் நிற்க வைத்தேன்: ஐம்பத்தைந்து கிலோ நானூறு கிராம். இருக்க வேண்டியது ஐம்பத்திரண்டு. நோட்டில் எழுதினேன். எழுநூறு மில்லி தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றி வைத்தேன். அன்று முழுவதற்கும் அவளுக்கு அவ்வளவுதான். மழை காரணமாக எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து ஒரு போட்டும் ஏரிக்குள் இறங்கவில்லை. மீன் பெட்டி ஏற்றும் வேலையும் இல்லை. ஆறு மணிக்குப் போய் வண்டிக் கதவைத் திறந்தேன். டிரைவர் காலடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

வண்டி இருபத்திரண்டு வருஷத்து மினி லாரி. முட்டி தேய்ந்து வலைக்குப் போவதை நிறுத்தியபோது, மீனும் ஐஸும் ஏற்றுவதற்காகப் பழையதாக வாங்கினேன். மூன்று வருஷமாக அதன் முக்கிய வேலை வேறு. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. புதனும் சனியும் காலை ஆறு மணிக்குப் பொன்னேரியில் டயாலிசிஸ். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. மழைக்காலத்தில் எங்கள் ரோட்டுக்கு ஆட்டோவும் வராது.

முந்தின சனிக்கிழமை, திருப்பாலைவனம் தாண்டியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. பியூஸ் பெட்டிமேல் மழைத்தண்ணீர் சொட்டியிருந்தது. முதலில் வைப்பர், பிறகு விளக்கு, பிறகு இன்ஜின் என்று ஒவ்வொன்றாக நின்றன. ஒரு மணி ஐம்பது நிமிஷம் ரோட்டோரம் கிடந்தோம். ஒரு பால் வண்டிக்காரர் கயிறு கட்டி ஆஸ்பத்திரிவரை இழுத்துப் போய் விட்டார். பியூஸ் காய்ந்த பிறகுதான் வண்டி மறுபடி ஓடியது. நாலு மணி நேரம் ஓட வேண்டிய மிஷின் அவளுக்கு அன்று இரண்டு மணி நேரம்தான் ஓடியது. அடுத்த முறைக்காரர் காத்திருந்தார். எடுக்காமல் விட்ட நீர் அவள் காலிலும் முகத்திலும் தங்கிவிட்டது. அதன் பிறகு அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். இன்னொரு முறை தவறினால் நீர் நுரையீரலில் ஏறிவிடும் என்று நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

புதன் காலைக்குள் ஒழுகலைக் கண்டுபிடித்தாக வேண்டும். இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். முன்கண்ணாடி ரப்பரை மாற்றினேன். கூரை மடிப்பு முழுவதும் சிலிகான் பூசினேன். மேலே கட்டிய தார்ப்பாயைக் காற்று இரண்டு முறை பிய்த்துக்கொண்டு போனது.

பத்து மணிக்கு மழை விட்டது. நின்ற தண்ணீர் வடியட்டும் என்று வண்டியை மேட்டில் ஏற்றினேன். ஏறும்போது, மழையே இல்லாத நேரத்தில், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மொத்தமாக என் காலில் கொட்டியது. ஏன் என்று புரியவில்லை. உள்ளே துடைத்துக் காயவைத்து, தகரத்தின்மேல் முகப்பவுடர் தூவினேன். தண்ணீர் எந்த வழியில் வந்தாலும் பவுடரில் கோடு விழும். வெளியே ஊற்ற ஒரு ஆள், உள்ளே டார்ச்சோடு பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

"நான் பாக்குறேன்," என்றாள் மனைவி. "ஊட்லயும் உக்காந்துனுதான கீறேன். அங்க உக்காந்தா இன்னா?"

கீழிருந்து மேலாகத்தான் ஊற்ற வேண்டும். மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் தெரியாமல் போகும். ஒரு இடத்துக்கு ஐந்து தம்ளர், பிறகு ஐந்து நிமிஷம். கதவின் அடியில் ஊற்றினேன். "இல்ல," என்றாள். கதவு ரப்பரில் ஊற்றினேன். "இல்ல."

"இன்னாயா, துளசிக்கு ஊத்துற மாதிரி ஊத்துற? பக்கெட்ட அப்டியே கவுத்துடேன்."

"கவுத்தா எங்கேர்ந்து வருதுனு தெரியாது."

"தெரியறதுக்குள்ள எனக்குப் பதினாறாம் நாள் வந்துடும்."

வைப்பருக்குக் கீழே இருக்கும் தகட்டில் ஐந்து தம்ளர் ஊற்றினேன். "இல்ல." குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். அங்கேயும் ஒரு சொட்டு விழவில்லை. உள்ளேயும் வராமல் தரைக்கும் வராமல் ஐந்து தம்ளர் தண்ணீர் எங்கேயோ போயிருந்தது. மேலும் ஊற்றினேன். ஒன்பதாவது தம்ளரில் அவள் கத்தினாள்.

"வந்துச்சு, வந்துச்சு! பியூஸ் பெட்டி மேலயே ஊத்துது!"

சாதாரண ஓட்டை என்றால் முதல் தம்ளரிலேயே ஒழுகியிருக்கும். ஒன்பதாவதில் ஒழுகினால், எங்கேயோ நிரம்பி வழிகிறது. திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினேன். அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு வாய்க்கால். அதில் இலையும் சிப்பித் தூளும் ஊறிய கறுப்புத் தண்ணீர், ஒயர் நுழையும் துளையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அது வெளியேற வாய்க்காலின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு ஓட்டைகள் இருந்திருக்கின்றன. நாலும் வழவழவென்று அடைக்கப்பட்டிருந்தன.

அடைத்தது நாங்கள்தான். கோடையில் வண்டியின் தகரம் துருப்பிடித்தபோது, மனைவியின் தம்பியை அழைத்தேன். அவன் பைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். மேட் என்கிற பைபர் துணியும் ரெசின் பசையும் கொண்டுவந்து, எங்கே வெளிச்சம் தெரிந்ததோ அங்கெல்லாம் அடைத்தான். விளக்குப் பிடித்தது நான். அன்றைய தேதியில் என் நோட்டில், "பதினோரு ஓட்டைகள் அடைத்தாயிற்று, ஒன்றும் பாக்கியில்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதில் ஏழு துரு. நாலு வடிகால். இருபத்தாறு வருஷம் ஏரியில் இருந்தவனுக்கு, தண்ணீரை வெளியே விடுவதற்காக ஒருவர் வேண்டுமென்றே ஓட்டை வைப்பார் என்று தோன்றவில்லை.

அவள் இறங்கிவந்து, கதவைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாதிரிதான்," என்றாள். "உள்ள போவுது. வெளிய வர வயி இல்ல." சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவினேன். இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

போன் செய்ததும் அவள் தம்பி ஓடிவந்தான். வாய்க்காலைப் பார்த்துவிட்டு என்னிடம் மல்லுக்கு நின்றான்.

"ஓட்டைன்னா அடைக்கணும் மாமா. போட்டுல ஓட்டை கீதுனு தெரிஞ்சா வுட்டுவப்பியா நீ?"

"இது போட்டு இல்லடா."

"அடைக்கசொல்ல நீயும்தான நின்னுனு இருந்த? இதையும் அடைடா, அதையும் அடைடான்னு கைய காட்டுனது யாரு?"

"நான்தான்."

அவன் அக்காவின் வீங்கிய காலைப் பார்த்தான். "அக்கா, சனிக்கெயம வண்டி நின்னுபோனது இதாலயா?" என்றான். அவள் சேலையை இழுத்துக் காலை மூடினாள். அவன் முகத்தை வண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கரண்ட் இல்லாததால் டிரில் ஓடவில்லை. கேஸ் அடுப்பில் இரும்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ரெசினைச் சுட்டுத் துளைத்தோம். அவன் போட்ட ஒட்டு அவ்வளவு கெட்டி. நாலு ஓட்டைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. நெடியில் அவளுக்கு மூச்சு முட்டவே, அவளைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு வந்தேன். நாலாவது ஓட்டை திறந்ததும் தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் கொட்டியது.

பிறகு பியூஸ் முனைகளில் பிடித்திருந்த பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். இடது விளக்கு எரியவே இல்லை. நெடி அடங்கியதும் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மறுபடி மழை பிடித்தது. குடையோடு உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் இரு பக்கமும் தரையில் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து உள்ளே கைவைத்தேன். ஈரமில்லை. அதைச் சொல்ல வீட்டுக்குள் போனேன். அவள் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக, நானும் அவள் தம்பியும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினோம். அவளால் நடக்க முடியவில்லை. மணி நாலு பத்து, நல்ல மழை. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்தது. வைப்பர் ஓடியது. அவள் காலடியில் தகரம் காய்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.