அரக்கன் தரையைத் தட்டினால்

எங்க தொழில்ல நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே மாதிரிதான் வேர்க்கும். ஜப்பான் டிவி தொடர்ல அரக்கர்களை ஒழிக்கிற அஞ்சு பேர் ரகசியப் படை வருமே, அந்த உடுப்பை மாட்டிக்கிட்டு துபாய், ஷார்ஜா மால்கள்ல சண்டை போடுறவங்க நாங்க. சிவப்பு நான். முகமூடிக்குள்ள பிழைக்கிற மக்களே, உங்களுக்குப் புரியும்.

ஹெல்மெட்

துபாய் சத்வா கடைத்தெருவில ஒரு டெய்லர் தைச்ச உடுப்பு. எங்களுக்காவது மெல்லிசு. அரக்கனா வர்ற யோகன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்குத் தலையிலிருந்து கால்வரை தடி ஸ்பாஞ்சு. கழுத்து வலைக்குள்ள பேட்டரியில ஓடுற சின்ன ஃபேன் ஒண்ணு. அது நின்னா மூச்சு முட்டிடும். அப்படி ஆனா அவர் உள்ளங்கையால தரையைத் தட்டணும், நாங்க சண்டையை நிறுத்தி உள்ளே கூட்டிட்டுப் போகணும். இது எங்களுக்குள்ள பேச்சு. மேடையிலேயே அந்த ஸ்பாஞ்சுத் தலையைக் கழற்ற முடியாது. மேனேஜர் முதல் நாளே சொல்லிட்டார்: "பிள்ளைங்க முன்னாடி ஹெல்மெட் கழண்டா டூட்டி கலாஸ், வேலை முடிஞ்சது, ஊருக்கு டிக்கெட்."

கைதட்டல்

ஷார்ஜாவில ஒரு தடவை ஃபேன் நின்னுபோய் அண்ணன் தரையைத் தட்டினார். உடனே கைத்தாங்கலா கூட்டிட்டுப் போயிட்டோம். பிள்ளைங்களோ, அரக்கன் துடிக்கிறான்னு ஒரே ஆரவாரம். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். இனி எல்லா ஷோவிலும் தட்டித்தான் சாகணும்னுட்டார். அண்ணன் பதறிப்போய்க் கேட்டார், "அப்ப உண்மையா மூச்சு முட்டினா நான் என்னண்டு சொல்லுறது?"

அந்த மனுஷன் சொன்ன பதிலை நினைச்சா இப்பவும் எரியுது: "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல நல்லா சாவுங்க."

புஜைரா

திறந்தவெளி மேடை. சாயங்காலமும் அனல் அடங்கலை. கடைசிக் காட்சியில அண்ணன் விழுந்து தரையைத் தட்டினார். ஒத்திகைப்படி நான் நெஞ்சில கால் வச்சு வாளை ஓங்கினேன். தட்டுறது நிக்கலை. இன்னிக்குப் பிரமாதமா நடிக்கிறாரேன்னு இன்னும் அழுத்தினேன், பாவி. குத்துறதுக்குக் குனிஞ்சப்பதான் பார்த்தேன், வலைக்குள்ள ஃபேன் சுத்தலை.

கழற்றினா வேலை போகும், கழற்றலைன்னா ஆளே போயிடுவார். "யல்லா, சீக்கிரம் தூக்குங்கடா"ன்னு கத்தினேன். அஞ்சு பேரும் அரக்கனைத் தூக்கிட்டுத் திரைக்குப் பின்னால ஓடினோம். தலையை இழுத்துக் கழற்றினா, உதடெல்லாம் நீலம். முகத்துல தண்ணியை அடிச்சோம். அவர் இருமினதும் எனக்கு அழுகையே வந்திடுச்சு. மெல்லக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்: "நெஞ்சில ஏறி நிண்டது நீதானேடா தம்பி?"

புது முடிவு

மேனேஜர் ஓடி வந்தார். ஆட்டத்தைக் கெடுத்துட்டோம், டூட்டி போச்சுன்னு நின்னேன். வெளியில இன்னும் கைதட்டல் ஓயலை. அவர் பார்வை அண்ணன் பக்கம்கூடத் திரும்பலை. "ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இனி எல்லா ஷோவிலும் அரக்கனை இப்படியே தூக்கிட்டு ஓடுங்க"ன்னார். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அண்ணன் படுத்தபடியே சிரிக்கிறார்: "இது நல்ல முடிவு. இனி நான் உண்மையாச் செத்தாலும் தூக்குவியள்."

ஆக, அரக்கனைக் கொன்ன கையோட தூக்கிட்டு ஓடி, உள்ளே வச்சு விசிறிவிடுற ரகசியப் படை இந்த வளைகுடாவிலேயே எங்களுது ஒண்ணுதான்.