எங்க ஊர்ப் பக்கம் அந்த நோய் கிடையாது

இது நடந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் நடந்தது. என் கணவர் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, குடியிருப்புப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயசு.

குடியிருப்பில் பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ஊர்ப் பேர்தான். நான் சிவகங்கைக்காரம்மா. எதிர் வீட்டில் கோயமுத்தூர்க்காரப் பெண், என்னைவிடச் சின்னவள். மாடி வீட்டு அக்கா மட்டும் இந்தப் பக்கத்துக்காரர், அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. முதல் நாள் அவர் பேசியதைக் கேட்டு, சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னா தங்கச்சி, பால் காச்சிட்டியா, சக்கர கீதா?" என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

ஒரு நாள் அக்கா தன் கூடப்பிறந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜாக்கெட் தைக்க வேண்டுமாம். அளவு டேப்பை எடுத்ததும் அந்த அம்மா கதவைச் சாத்தச் சொன்னார். அவருக்கு இடது மார்பு இல்லை. புற்றுநோய் வந்து எடுத்துவிட்டார்களாம். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றதைப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா, அளவு எடு" என்று சிரித்தார். உள்பக்கம் பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிகிற மாதிரி தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

அவர்கள் போனதும் எதிர் வீட்டுப் பெண்ணும் நானும் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது இதைத்தான் பேசினோம். "மெட்ராஸ்ல அது ஜாஸ்திங்க்கா. காத்து, தண்ணி எல்லாமே அப்புடி" என்றாள் அவள். நானும் விடவில்லை. எங்க ஊர்ப் பக்கம் அந்த நோயே கிடையாது, வெயிலில் உழைக்கிற உடம்பு, வருஷக்கணக்கில் பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்பு, அதெல்லாம் அண்டாது என்றேன். "உங்க ஊர்ல மட்டும் சாயத் தண்ணி ஓடலையாக்கும்" என்று அவளையும் சீண்டினேன். அவள் விட்டுக்கொடுப்பாளா? இப்படி இரண்டு பேரும் ஊருக்கு ஊர் நோயைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது, வடகம் காயப்போட வந்த மாடி வீட்டு அக்கா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"இன்னாமே, எங்க ஊர்ல பொறந்தாலே நோவா? நீங்க மட்டும் இன்னா, வேற காத்தையா இய்த்துகினு கீறீங்க?" என்றார். நாங்கள் வெட்கப்பட்டுச் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

அதற்கான காரணம் சில நாளில் தெரிந்தது. குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். அக்கா காலையிலேயே குளித்து, தலைக்குப் பூ வைத்து, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடப்பிறந்தவளுக்கு வந்திருப்பதால் நீயும் பார்த்துக்கொள் என்று டாக்டர்கள் முன்னமே சொல்லியிருக்கிறார்கள். இவர் பயந்துகொண்டு தள்ளிப்போட்டபடியே இருந்திருக்கிறார். அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவர் அன்றைக்கு மெதுவாக, "தொணைக்கு வா தங்கச்சி, தனியாப் போவ பயமா கீது" என்றார்.

ஆடி மாசம், அம்மன் கோயில் திருவிழாவுக்கான ஜாக்கெட்கள் குவிந்து கிடந்தன. இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகு எப்படி மறுக்க முடியும்? மெஷினை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

கூடத்தில் திரை கட்டி, உள்ளே ஒரு பெண் டாக்டர் இருந்தார். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். அக்காவைப் பார்த்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் சும்மா துணைக்கு வந்தேன் என்றேன். "பரவாயில்ல, வந்தது வந்தீங்க" என்றார். எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்தார். சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், "எங்க ஊர்ப் பக்கம் இதெல்லாம் கிடையாது டாக்டர்" என்றும் சொன்னேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "கிடையாதா, இல்ல யாரும் பார்க்கலையா?"

அவர் பேசிக்கொண்டே பரிசோதித்தார். ஊருக்கு ஊர் வித்தியாசம் இருப்பது உண்மைதானாம். நகரத்தில் மார்பகப் புற்று கூடுதலாம், சில மாவட்டங்களில் கர்ப்பப்பை வாயில் வருவது கூடுதலாம், சில இடங்களில் வயிற்றில். சாப்பாடு, பழக்கம், எந்த வயசில் பிள்ளை பெறுகிறோம் என்று பல காரணம் உண்டாம். "ஆனா எங்கெங்க பரிசோதனை நடக்குதோ அங்க நிறையத் தெரியும்மா. நடக்காத ஊர்ல இல்லாத மாதிரியே இருக்கும். அறுபது வயசுக்கு மேலதான் வரும்னும் கிடையாது, வேலை வெட்டின்னு ஓடுற வயசுலயே வருது" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். என் அத்தை ஒருத்தி நாற்பது தாண்டியதும் மெலிய ஆரம்பித்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்து போய்ச் சேர்ந்தாள். "தேஞ்சு போயிட்டா" என்றார்கள். சின்னம்மா ஒருத்திக்கு ஓயாத உதிரப்போக்கு. சாமி குத்தம் என்று கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்கள். யாருக்கும் என்ன நோய் என்று பேர் வைக்கவில்லை. பேர் வைக்காததை நான் இத்தனை வருஷமும் நோயே இல்லை என்று நம்பியிருந்திருக்கிறேன்.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் விரல்கள் என் வலது பக்கம் ஓர் இடத்தில் நின்றன. மறுபடி அதே இடத்துக்கு வந்தன. "இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். எது என்றேன். என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். பட்டாணி அளவில் ஏதோ ஒன்று. வலி இல்லை. ஊரில் உள்ளவர்களின் மார்பளவை எல்லாம் எடுக்கிற கை, அங்கே ஒரு நாளும் போனதில்லை.

எங்கள் இருவரையும் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு சொல்கிற நாளில் அக்காவும் நானும்தான் போனோம். கணவர் லீவு போடுகிறேன் என்றார், ஒன்றும் இருக்காது என்று நான்தான் தடுத்துவிட்டேன். ரயிலில் வழி நெடுக அக்கா, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்காரருக்குக் காபி போடக்கூடத் தெரியாது, அவரை யார் பார்ப்பார்கள் என்று புலம்பிக்கொண்டே வந்தார். நான் தைரியம் சொல்லிக்கொண்டே போனேன்.

அக்காவுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

டாக்டர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. ஆரம்ப நிலை, கட்டியை மட்டும் எடுத்தால் போதும், அதன் பிறகு மருந்தும் கதிர்வீச்சும் என்று ஏதோ சொன்னார். வெளியே வந்ததும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதார். "எங்க வம்சத்துல கீற நோவு எனக்குத்தான தங்கச்சி வரணும்? தொணைக்கு வந்தவளுக்கு ஏன் வருது? நான் ஏன் உன்ன இட்டுகினு வந்தேன்?" என்று கேட்டுக்கொண்டே அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டு, "நீங்க கூட்டிட்டு வரலைன்னா இது அங்கயேதானக்கா இருந்திருக்கும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு கை தூக்க முடியாது. ஜாக்கெட் கொக்கியைக் கணவர்தான் மாட்டிவிடுவார். இரும்போடு மல்லுக்கட்டுகிற முரட்டு விரல்கள், அந்தச் சின்னக் கொக்கியில் திணறும். தினமும் காலையில் அவர் என் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, சக்கரத்தைக் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். யாரும் தைக்காத மெஷினுக்கு எதற்கு என்று கேட்டேன். "நீ உக்காரும்போது இறுகிப் போயிருக்கக் கூடாதுல்ல" என்றார். அவர் அந்தக் காலம் முழுக்க எனக்குச் சொன்ன ஆறுதல் அந்த ஒரு வரிதான். அது போதுமாக இருந்தது.

மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் வாய் முழுக்கப் புண். காரம் என்று நினைத்தாலே எரியும். எதிர் வீட்டுப் பெண் அவர்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழைய வேகவைத்து, மிளகாய் போடாமல் நெய் ஊற்றிக் கொண்டுவருவாள். "நாலு வாய் சாப்புட்டுப்போட்டுப் படுங்க்கா" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நாலு வாய் உள்ளே போகாமல் எழுந்து போகமாட்டாள். என் மகள் பூந்தமல்லியில் கல்லூரி முடிந்து வருவதற்குள் சமையல்கட்டு துடைத்துக் கிடக்கும். யார் செய்தது என்று கேட்டால் அவளும் மாடி வீட்டு அக்காவும் இருவருமே தெரியாது என்பார்கள்.

மாடி வீட்டு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு இல்லாமல் விடியாது. படிக்கட்டு முழுக்க மணக்கும். ஒரு தடவை அந்த வாசனை பட்டு நான் வாந்தி எடுத்தேன். அவ்வளவுதான், அதன் பிறகு மீனே வரவில்லை. ஒரு நாள் அக்காவின் வீட்டுக்காரர் படியில் என்னைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் எந்திரிச்சி நடமாடு தங்கச்சி. உனக்கு நல்லாவுற வரிக்கும் ஊட்ல மீன் கொயம்பு கெடையாதுன்னு உங்க அக்கா சொல்லிக்கிறா. நான் எங்க போய்த் துன்றது?" என்றார். பாவம், பொய்க்கோபமாகச் சொல்ல முயன்றார், சிரித்துவிட்டார். நானும் பல வாரம் கழித்து வாய் விட்டுச் சிரித்தேன்.

கதிர்வீச்சுக்கு வாரம் முழுக்க ரயிலில் போகவேண்டும். அக்காதான் கூட வருவார். பெண்கள் பெட்டியில் ஏறியதும் அவர் குரல்தான் முதலில் போகும். "கண்ணு, கொஞ்சம் நவுந்து குந்து, என் தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல." யாராவது முகம் சுளித்தால் வேறு பாஷை வரும் என்பதால் நான் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். ஒரு நாள் ஆவடி ஸ்டேஷனில், இனி என்னால் முடியாது, போதும் என்று நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் என் முகத்துக்கு விசிறினார். ஒரு வண்டி போனது. அடுத்ததும் போனது. "உனக்கு எப்ப தோணுதோ அப்ப ஏறலாம். வண்டி வந்துகினுதான் கீது" என்றார். அதற்கடுத்த வண்டியில் நானே எழுந்து ஏறினேன்.

சிகிச்சை முடிந்து உடம்பு தேறியதும் ஊருக்குப் போனேன். அண்ணி, தங்கை, சித்தப்பா மகள் என்று வீட்டுப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து என் மேல் பரிதாபப்பட்டார்கள். "பட்டணத்துக்குப் போனதால வந்துச்சு, இங்கயே இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்காது" என்றாள் அண்ணி. நான் வாதாடவில்லை. அத்தையைப் பற்றியும் சின்னம்மாவைப் பற்றியும் மட்டும் கேட்டேன். அவர்களுக்கு என்ன நோய் என்றேன். "அப்ப யாரு டாக்டர்கிட்ட காட்டுனா" என்றாள் தங்கை. மறுநாள் ஒரு வேன் பிடித்து எல்லோரையும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் ஒருத்தி கூச்சத்தில் நெளிந்தாள், ஒருத்தி பயத்தில் சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தாயே, ஒருத்திக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது பரோட்டாக் கடையில் அந்தக் கூட்டம் போட்ட சத்தத்தில் கடைக்காரர் மிரண்டுபோனார்.

அக்காவின் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வானகரம் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு வருஷாந்திரப் பரிசோதனை என்றால் அக்கா பஸ் ஏறி வந்துவிடுவார். எனக்கு முன்னால் அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்து வைத்திருப்பார். முடிவு வரும்வரை இரண்டு பேரும் பேரப்பிள்ளை, விலைவாசி என்று நோயைத் தவிர எல்லாவற்றையும் பேசுவோம்.

பயத்தோடு ஒருத்தி என் வாசலில் வந்து நின்றதால்தான் நான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன் என்பது அடிக்கடி மனசில் வந்துபோகும். அளவு கொடுக்க வருகிற பெண்களில் யாராவது ஏதோ சொல்ல வந்து தயங்கினால், இப்போதெல்லாம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே போகவேண்டும், நான் கூட வருகிறேன் என்று என்னையறியாமல் முதலில் கேட்டுவிடுகிறேன்.