கடதாசியும் கடுதாசியும்

கெலிஓயாவில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் இஸ்லாம் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். போன வருடம் தவணைப் பரீட்சையன்று விடைத்தாள் போதாமல் போய், கடதாசி இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். எடுத்துக் கொடுத்துக்கொண்டே, அரபியில் இதைக் கிர்தாஸ் என்பார்கள், சின்ன வயதில் ஓதப் போனபோதே படித்த சொல் என்றார். இரண்டும் ஒன்றுபோலக் கேட்கிறதே என்று அன்று மாலை அகராதிகளைப் புரட்டினேன். கிரேக்கத்திலிருந்து அரபிக்குப் போன சொல். போர்த்துக்கேயர் அதைக் கர்தாஸ் ஆக்கி, கப்பல்களுக்கு எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அவர்களோடு இங்கேயும் வந்து இறங்கியிருக்கிறது. சிங்களத்தில் கடதாசி என்றால் வெறும் தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் கடுதாசி என்றால் கடிதம்.

இந்த வித்தியாசத்தால் அப்பா ஒருமுறை பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அப்போது வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் பிழையாக விழுந்திருந்தது. திருத்துவதற்காக அரச அலுவலகம் ஒன்றுக்குத் தனியாகப் போனார். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் சிங்களத்தில் ஒரு கடதாசி கொண்டு வரச் சொன்னாராம். யாரிடமிருந்து என்று கேட்க அப்பாவுக்குக் கூச்சம். நேரே தோட்டத்துக்குத் திரும்பி, தோட்டத்து மேலாளரான தொரையைப் பார்ப்பதற்காக ஒன்றரை நாள் ஆபீஸ் வாசலில் நின்று, தன் பெயரை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை வாங்கினார். அது ஆங்கிலத்தில் இருந்ததால், விளக்கிச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

உத்தியோகத்தர் கடிதத்தை வாசித்துவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த வெற்றுத் தாள் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "மே வகே கடதாசியக்" என்றார். விண்ணப்பம் எழுத இந்த மாதிரி ஒரு தாள். அவ்வளவுதான் அவர் கேட்டது. வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நமக்குத்தான் வெளங்கல. வா, போவோம்" என்று அப்பா என் கையைப் பிடித்தார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

உத்தியோகத்தர் எழுந்து வந்துவிட்டார். தான்தான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அப்பாவைக் கதிரையில் உட்கார வைத்து, விவரம் கேட்டு, அந்தத் தாளிலேயே விண்ணப்பத்தைத் தன் கையால் எழுதினார். தொரையின் கடிதத்தையும் கூடவே இணைத்து, இது இருப்பதால் வேறு அத்தாட்சி வேண்டாம் என்றார்.

புது அட்டை வர இரண்டு மாதம் ஆனது. பெயர் சரியாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அப்பா எந்த அலுவலகத்துக்கும் தனியாகப் போனதில்லை. நான் லீவு போட்டுக் கூடப் போகிறேன்.