கழனி டயர்

திருப்பதியில் மகளின் சைக்கிளுக்கு டயர் மாற்றப் போயிருந்தேன். "மண் ரோட்டுக்கா, தார் ரோட்டுக்கா சார்?" என்றபடி கடைக்காரர் புது டயர் ஒன்றை உறையிலிருந்து உருவினார். அந்த ரப்பர் வாசனை என்னைச் சித்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு இழுத்துப் போனது.

நைனாவின் சைக்கிளில் எப்போதும் ஆழமாக வெட்டுப்போட்ட தடித்த டயர்தான். எரு மூட்டையை ஏற்றினாலும் மணலில் புதையாது. வெட்டுகளில் ஒட்டிய கழனிச் சேறு வாசலெல்லாம் உதிரும். அம்மா திட்டிக்கொண்டே பெருக்குவாள்.

மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை கிடைத்ததும் நைனா மெல்லிய டயர் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது கயினிப் பக்கம் போவாதே?"

"தார் ரோட்டுல பறக்குது. தெனம் போய் வரணுமில்ல?"

"சீசன் முடிஞ்சா கயினிக்குத்தானே வரணும்?"

நைனா டயரை அழுத்திக் காற்றுப் பார்த்தார். அம்மா பழைய டயர்களை எடுத்து மாட்டுக் கொட்டகையில் மாட்டினாள்.

மாங்காய் முடிந்ததும் நைனா பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். கழனியில் முள் மண்டியது. மாட்டை விற்ற பிறகும் அம்மா கொட்டகைக்குப் போய், டயர்கள் காய்ந்து வெடிப்பு விடாமல் இருக்க வேர்க்கடலை எண்ணெய் தடவிவிட்டு வருவாள். அப்படியும் அவை ஏனோ பிசுபிசுத்து, ஊறிப்போய், ஒருநாள் ஆணியிலேயே அறுந்து தொங்கின.

"தார் ரோடுதான்" என்றேன் கடைக்காரரிடம்.

கடைக்காரர் மாட்டி முடித்துச் சைக்கிளைத் தந்தார். "செயினுக்கு எண்ணெ உட்டா டயர்மேல படாம பாத்துக்கோங்க சார். ரப்பர் கெட்டுப்பூடும்."

அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.