குங்கிலியம் ஒட்டிய கண்ணாடி

நாரந்தனைச் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற அம்புறோஸ், ஆளை அடிப்பதற்கு முன்னால் சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, சுத்தமான இடம் பார்த்து வைப்பான். அவன் கை முதல் பொத்தானுக்குப் போகும்போதே சந்தியில் நிற்கிறவர்கள் மெல்ல இடத்தைக் காலி பண்ணிவிடுவார்கள். அவனைக் கோபக்காரன் என்று சொல்வது சரியில்லை. கோபக்காரனுக்குச் சட்டை மடிக்க ஏது பொறுமை? சைக்கிள் திருத்துவதுபோல அடிப்பதும் அவனுக்கு ஒரு வேலை. இரண்டையும் சுத்தமாகச் செய்தான்.

வலைப்பாட்டுத் தகராறில் ஒருவனுக்கு மூக்குப் போனது. உதைபந்தாட்டத்தில் கோல் இல்லையென்று சொன்ன மத்தியஸ்தருக்கு இரண்டு விலா எலும்பு. தங்கை மேரிஜோசப்பினைக் கட்டிய யாக்கோப்புவுக்கு, கலியாணமாகி மூன்றாம் மாதம், ஒரு முன்பல். கள்ளைக் குடித்துவிட்டு அவளைக் கைநீட்டி அடித்திருந்தான். அதற்குப் பிறகு யாக்கோப்பு குடிக்கவும் இல்லை, அவளைத் தொட்டு அடிக்கவும் இல்லை. “மச்சான், மச்சான்” என்று அம்புறோஸைச் சுற்றிச் சுற்றி வந்தான். அம்புறோஸ் அதைப் பாசம் என்றே நினைத்தான். பயத்தையும் பாசத்தையும் பிரித்துப் பார்க்கிற கண் அவனுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

எழுபத்துமூன்றாம் ஆண்டு ஆவணி மாதம், விடிந்தும் விடியாத நேரத்தில், பக்கத்து ஊரான சரவணைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த அவனுடைய தகப்பன் சந்தியாப்பிள்ளையை ஒரு மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டுப் போய்விட்டது. கிழவன் வெயில் ஏறும்வரை றோட்டோரம் கிடந்தார். அம்புறோஸ் ஓடிப்போய்த் தூக்கியபோது உயிர் இருந்தது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி வாசலில் போய்விட்டது. ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்குத்தர். கிழவன் உடுத்திருந்த சாரத்து மடிப்பில், வரிவரியான, முக்கோணமாக உடைந்த லைற் கண்ணாடித் துண்டு ஒன்று செருகிக்கொண்டு இருந்தது. அம்புறோஸ் அதைக் கழுவவும் இல்லை, யாரிடமும் கொடுக்கவும் இல்லை.

மூன்றாம் நாள், சரவணையில் புகையிலை வைக்கிற சிவபாதத்தின் மோட்டார் சைக்கிளில் லைற் கண்ணாடி இல்லையென்று கேள்விப்பட்டான். போனான். சிவபாதம் தோட்டத்தில் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றான்.

“கண்ணாடி எங்கை?”

“பனம்பழம் விழுந்து உடைஞ்சு போச்சு, அண்ணை. கிணத்தடியிலை கூட்டி அள்ளி எறிஞ்சாச்சு.”

அம்புறோஸ் சிரித்தான். துண்டை எடுத்துக் காட்டினான். பிறகு சட்டையைக் கழற்றி, மடித்து, கிணற்றுக் கட்டில் வைத்தான். மண்வெட்டியின் பிடியைக் கழற்றி எடுத்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரே கேள்வி: “நீதானே?” முதல் நான்கு அடிக்கும் சிவபாதம் இல்லையென்றான். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் கடவுளைக் கூப்பிட்டான். எட்டாவது அடியில் முழங்கால் சிப்பி உடைந்த சத்தம் வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்டதாம். சிவபாதத்தின் மனைவி அன்னபூரணம் சேற்றில் விழுந்து அம்புறோஸின் காலைப் பிடித்தாள். ஒன்பதாவது அடியில் சிவபாதம், “ஓம், நான்தான்” என்றான். உடனே அம்புறோஸ் பிடியைக் கீழே போட்டான். கையைக் கழுவிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொலிசுக்குத் தானாகவே நடந்தான்.

கோட்டில் சிவபாதம், அடி தாங்காமல் சொன்னேன் என்றான். வேறு சாட்சி இல்லாததால் அவனை விட்டுவிட்டார்கள். அம்புறோஸை எட்டு மாதம் மறியலில் அடைத்தார்கள். திரும்பி வந்தபோது சந்தியில் வெடி கொளுத்தினார்கள். சட்டம் விட்டாலும் ஊர் சிவபாதத்தை விடவில்லை. ஆளை அடித்துப்போட்டு ஓடியவன் என்றே பெயர் விழுந்தது. மடங்காத காலோடும் ஊன்றுகோலோடும் கோயில் திருவிழாவுக்குக்கூட அவன் போவதில்லை. மகள் மீனலோசனிக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் வாசலோடு திரும்பிப் போயின. அம்புறோஸ் இதெல்லாம் கேள்விப்பட்டான். கேள்விப்பட்டபோதெல்லாம் அவனுக்குச் சோறு ருசியாக இறங்கியது. அவ்வளவு நிச்சயமாக இருந்தான்.

எழுபத்தெட்டாம் ஆண்டு. இறக்குமதித் தடை எடுபட்டு, பல வருசமாகக் கண்ணில் காணாத சாமான்கள் யாழ்ப்பாணத்துக் கடைகளில் வந்து குவிந்திருந்தன. அதுவரைக்கும் தீவுப் பகுதியில் உடைந்த லைற் என்றால் உடைந்ததுதான். உப்புக் காற்றில் துருவேறி, மின்மினி மாதிரி எரிகிற வெளிச்சத்தோடுதான் எல்லோரும் ஓடினார்கள். யாக்கோப்பு விடியமுன் மோட்டார் சைக்கிளில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போகிறவன். அவனுடைய லைற்றில் பாதிக் கண்ணாடியை மறைத்து ஒரு பால்மாத் தகரம் வேறு. கடல் தெறிக்கிறதுக்கு மறைப்பு என்று சொல்லுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேரிஜோசப்பின் அந்த மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு தமையனின் வேலைக் கொட்டிலுக்கு வந்தாள்.

“அவர் பூசைக்குப் போயிட்டார். வரமுதல் நல்ல லைற்றாப் போட்டு வையுங்கோ அண்ணை. நான் கேட்டால் வேண்டாம், வேண்டாம் எண்டே நிக்கிறார். இந்த மனிசன் ஒருநாள் பாலத்தாலை கடலுக்கை போகப்போகுது.”

“வை. ஒரு மணித்தியாலத்து வேலை.”

அவளும் பூசைக்குப் போனாள். அம்புறோஸ் தங்கைக்காக முன்பே வாங்கி வைத்திருந்த புது லைற் கண்ணாடிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தினான். துருவேறிய வளையத் திருகாணிக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தான். கழற்றினான். உள்ளே வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தாலும் உரிந்து போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தால் பூச்சு கையோடு வந்துவிடும் என்று தெரிந்தவன், சவர்க்காரத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, குழந்தையின் முகம் துடைப்பதுபோலத் துடைத்தான். பளிச்சென்று வந்தது. பழைய ஒல்லி வயரை அறுத்துப் போட்டுத் தடித்த வயர் இழுத்தான். பிறகு பழைய கண்ணாடியை எறிவதற்காகத் தகரத்தைப் பிடுங்கினான்.

கண்ணாடியின் கீழ்ப்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. யன்னல் கண்ணாடியில் வெட்டிய ஒரு துண்டை வைத்து, சுற்றிவர வள்ளத்து ஓட்டைக்கு அடைக்கிற குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி வார்த்திருந்தது. அம்புறோஸுக்குச் சிரிப்பு வந்தது. கடலோடி லைற்றுக்கும் வள்ளத்து வைத்தியந்தான் பார்ப்பான். கத்தியைச் சூடாக்கிக் குங்கிலியத்தை வழித்தான். யன்னல் துண்டு கழன்று விழுந்தது.

மிஞ்சிய இடம் முக்கோணமாக இருந்தது.

அவன் சிரிப்பு நின்றது. எழுந்து போய், அந்தோனியார் படத்துக்குப் பின்னால் இருந்த தகரப் பேணியைத் திறந்தான். ஐந்து வருசமாக அங்கே கிடந்த துண்டை எடுத்துவந்து வைத்தான். வரியோடு வரி, விளிம்போடு விளிம்பு, சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அம்புறோஸ் அதைக் கழற்றித் திரும்பவும் வைத்தான். மூன்றாம் தரமும் வைத்தான்.

வெள்ளை வேட்டி சட்டையோடு யாக்கோப்பு கொட்டில் வாசலில் வந்து நின்றான்.

“ஆர் மச்சான் இதைக் கழட்டச் சொன்னது?”

அன்றைக்கு அம்புறோஸ் சட்டையைக் கழற்றவில்லை. முதல் குத்திலேயே யாக்கோப்புவின் உதடு பிளந்தது. விழுந்தவனைத் தூக்கி நிமிர்த்தி மறுபடி குத்தினான். லைற் வளையத்தை எடுத்து நெற்றியில் அடித்தான். வெள்ளைச் சட்டை நெஞ்சுவரை சிவந்தது. யாக்கோப்பு கையை உயர்த்தித் தடுக்கவில்லை.

“ஓம், நான்தான்” என்றான், வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு. “இறங்கிப் பாத்தனான். மாமாவுக்கு உயிர் இருந்தது. என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்.”

“பிறகேன்ரா விட்டிட்டு ஓடினனீ?”

“ஓடேல்லை. உம்மிட்டைச் சொல்லத்தான் வந்தனான். இந்தச் சந்திமட்டும் வந்தன். நீர் கொட்டிலைத் திறந்துகொண்டு நிண்டீர்.” யாக்கோப்பு நாக்கால் பழைய பல்லின் இடைவெளியைத் தடவினான். “உம்மடை கையைக் கண்டன். அங்காலை கால் வரேல்லை.”

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. பிறகு அது தானாகவே இறங்கியது. ஒரு மணித்தியாலம் என்று டாக்குத்தர் சொன்னது அம்புறோஸின் காதில் கேட்டது. கிழவன் றோட்டில் கிடந்த அந்த ஒரு மணித்தியாலத்தை யார் தின்றது என்று இப்போது அவனுக்கு விளங்கியது. தன் கைகளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவற்றை வைக்க இடம் தெரியாமல் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“ஏறு,” என்றான் கடைசியில். “சிவபாதத்திட்டைப் போவம். இதை நீ அங்கை சொல்லோணும். அந்த மனிசன்ரை பேரைத் திருப்பிக் குடுக்கோணும்.”

புது லைற் கண்ணாடி பெட்டியிலேயே கிடந்தது. முன்னால் வயர்கள் தொங்க, அம்புறோஸ் ஓட்டினான். யாக்கோப்பு துணியில் சுற்றிய கண்ணாடியோடு பின்னால் இருந்தான்.

சிவபாதம் முற்றத்தில் புகையிலை பிரித்துக்கொண்டிருந்தான். வேலிப் படலைக்குள் வருகிற அம்புறோஸைக் கண்டதும் ஊன்றுகோலை எடுத்துத் தலைக்கு மேலே குறுக்கே பிடித்தான்.

“அடிக்க வரேல்லை,” என்றான் அம்புறோஸ். “நீரில்லை எண்டு சொல்ல வந்தனான். இவன்தான் செய்தது. சொல்லு, யாக்கோப்பு.”

“ஓம், நான்தான்,” என்றான் யாக்கோப்பு, வீங்கிய வாயால்.

சிவபாதம் ஊன்றுகோலை மெல்லக் கீழே இறக்கினான். யாக்கோப்புவின் பிளந்த உதட்டைப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான். அம்புறோஸின் சட்டையில் தெறித்திருந்த இரத்தத்தைப் பார்த்தான்.

“இவனுக்கு எத்தினையாவது அடியிலை ஓம் எண்டு வந்தது?” என்று கேட்டான். “எனக்கு ஒன்பது.”

அம்புறோஸ் அவசர அவசரமாகத் துணியை அவிழ்த்து, கண்ணாடியைத் தரையில் வைத்து, துண்டை அதில் பொருத்திக் காட்டினான். இரண்டு தரம் தவறியது.

“அண்டைக்கும் அந்தத் துண்டைத்தான் காட்டினனீர்,” என்றான் சிவபாதம். குனிந்து பார்க்கவில்லை. மடங்காத காலை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினான். “அன்னபூரணம், இவையள் போனதும் படலையைச் சாத்து.”