வெள்ளிக்கடையில் என் கணவர்

எண்பதுகளில், கடத்தூர் பக்கம் நாங்கள் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மார்பில் ஒரு கட்டி வந்தது. கணவரிடம் சொல்ல வெட்கப்பட்டு மாதாவிடம் மட்டும் அழுதேன். நாத்தனார்தான் கண்டுபிடித்து, கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ஒரு மார்பை எடுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிழைத்தேன். ஆனாலும் ஊரில் யார் கேட்டாலும், "வயித்துல ஆபரேசன்" என்றுதான் சொல்வேன்.

குணமான உறுப்பை வெள்ளித் தகட்டில் செய்து மாதா கோயிலில் வைப்பதாக வேண்டியிருந்தோம். அதற்காகத் தர்மபுரிக்குப் போனோம். கடைக்காரர் கை, கால், கண், வயிறு என்று தகடுகளை எடுத்துப்போட்டு, "எதுங்க வேணும்?" என்றார். கடை நிறைய ஆட்கள். சட்டென்று வயிற்றுத் தகட்டைக் காட்டினேன். மாதாவுக்கே பொய்க் காணிக்கை வைக்கத் துணிந்துவிட்டேன்.

அதிகம் பேசாத என் கணவர் அதைத் தள்ளி வைத்தார். "அது இல்லைங்க. இவளுக்கு மாருல கேன்சர் வந்து பொழச்சிருக்கறா. அதையே செஞ்சு குடுங்க."

"சாயங்காலம் வாங்க, செஞ்சு வெக்கறனுங்க" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன்?

தெருவில் இறங்கியதும், கடைக்குள் இருந்த ஒரு பெண் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, நீங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"